மணல்மேட்டு ஓக் கன்றுகள்

குரோனிங்கன், ஏப்ரல் 9

அன்புள்ள ஹார்மன்,

இடுப்பு எலும்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அக்கா வீட்டுச் சோபாவில் கிடந்து அவள் காய்ச்சும் ஓட்ஸ் கஞ்சியைச் சபித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் வரை நடமாட்டம் கூடாதாம். அதுவரை ஆராய்ச்சிக்காக நான் நட்ட ஓக் கன்றுகள் உன் பொறுப்பு. உன் பன்றிக் கொட்டகை ஓரத்து வரிசை, மணல்மேட்டு வரிசை, இரண்டுக்கும் மான் புகாமல் வேலியைப் பார்த்துக்கொள். வேறு ஒன்றும் செய்துவிடாதே.

"கொட்டகைப் பக்கத்துப் புள்ளைங்கதான் கொழுகொழுன்னு இருக்கு, எம் பன்னிங்களுக்கு ஒரு மெடல் குடு" என்று கேலி செய்கிறாய். உயரத்தைப் பார்த்து ஏமாறாதே. போன வருஷம் ஒன்றைத் தோண்டினேன். உன் கொட்டகையிலிருந்து காற்றில் வரும் நைட்ரஜனைத் தின்று தின்று மேலே மட்டும் வளர்ந்திருக்கிறது, வேர் சுண்டுவிரல் அளவுதான். மழை பொய்த்தால் அதுதான் முதலில் சாயும். சுத்தமான காற்றுள்ள மேட்டில் குள்ளமாக நிற்பவை தாங்கிவிடும். இதை நான் அறிக்கையாக எழுதினால் உன் கொட்டகைக்கு அனுமதி புதுப்பிக்கமாட்டார்கள், உன் மகள் யன்னாவுக்குப் பண்ணை கிடையாது. தெரிந்தும் வேலி போட்டுத் தந்தாய். உன் வீட்டுக் காபி என் தொண்டையில் நிற்கிறது.

உன் ஆலெய்டா

*

பண்ணையிலிருந்து, ஜூலை 28

ஆலி,

தொண்டையில் நிற்பது காபி இல்லை, என் வீட்டுக்காரி ஸ்டின் சுட்ட கேக். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

மே மாதத்திலிருந்து மழையே இல்லை. மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. யன்னாவுக்கு அக்டோபர் கடைசியில் பிரசவம். குழந்தை பிறந்தால் நம் ஊர் வழக்கப்படி ஆள் நீளத் திராட்சை ரொட்டியை ஏணியில் கிடத்தி அக்கம்பக்கத்தார் தூக்கி வரவேண்டும். உன் அம்மாவின் வீடு இப்போது உன்னுடையது, எங்களுக்கு முதல் பக்கத்து வீடு அதுதான். ஆகவே ஏணியின் ஒரு முனை உனக்கு. இடுப்பைத் தேற்றிக்கொண்டு வந்து சேர்.

கன்றுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊரில் இல்லாதவர் வீட்டு மாட்டை இங்கே யாரும் தாகத்தில் விட்டதில்லை.

ஹார்மன்

*

வாகனிங்கன், அக்டோபர் 12

அன்புள்ள ஹார்மன்,

கொட்டகை ஓரத்துக் கன்றுகள் எல்லாம் செத்துவிட்டன. மேட்டிலும் அதே கதைதான். இந்த வருஷம் அவையும் விறுவிறுவென்று வளர்ந்து, வேர் பிடிக்காமல், செப்டம்பர் வெயிலில் கருகிவிட்டன. இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே உன் கொட்டகைக் காற்றுதான் காரணம் என்று சொல்ல வழியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அலுவலகத்தில், "மூணு வருஷமா அளவுகோல வெச்சுக்கிட்டு என்னத்த அளந்தே?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன் பன்றிகளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். யன்னாவிடம் சொல், பண்ணை அவளுடையதுதான்.

ஆலெய்டா

*

பண்ணையிலிருந்து, நவம்பர் 2

ஆலி,

பேத்தி பிறந்துவிட்டாள். சரியான அழுமூஞ்சி, என் மாதிரி.

உன் கடிதத்தைப் படித்து யன்னா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேட்டுக் கன்றுகளுக்கு நான் தண்ணீர் விட்டேன், ஆலி. குள்ளமாக வாடி நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல் வாராவாரம் விட்டேன். அவ்வளவு தூரம் கொண்டுபோக இருந்தது ஒரே டாங்கர், வயலுக்குப் பன்றிக் கழிவுக் கரைசல் தெளிக்கிறது. கழுவித்தான் கொண்டுபோனேன். "இதுவா கழுவுன லட்சணம்? ஊர் எல்லை வரைக்கும் நாறுது" என்று ஸ்டின் அப்போதே சொன்னாள். ஆகஸ்ட் கடைசியில் சோளம் அறுக்கப் போனவன் கன்றுகளை மறந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே எனக்கு உறைத்தது. அவற்றுக்கு நைட்ரஜனை ஊட்டியது காற்று இல்லை, நான். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பண்ணை பிழைத்தது, உன் பெயர் கெட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய். சனிக்கிழமை ரொட்டி தூக்க மட்டும் வந்துவிடு.

ஹார்மன்

*

வாகனிங்கன், நவம்பர் 5

ஹார்மன்,

எனக்குத் தெரியும். செப்டம்பரில் ஊன்றுகோலோடு மேடு ஏறியபோதே டாங்கரின் சக்கரத் தடத்தைப் பார்த்தேன். மண்ணையும் சோதித்தேன். தெரிந்தேதான் அந்த அறிக்கையை எழுதினேன். என் அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் நீ. உன் பண்ணையை என் கையால் மூட முடியவில்லை.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தவரை அந்தப் பொய் என் ஒருத்தியுடையது, எப்படியோ சுமந்துகொண்டிருந்தேன். இப்போது நீயே சொன்ன பிறகு அது நம் இருவரின் பொய், அதை வைத்துக்கொண்டிருக்க முடியாது. இன்று காலை அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கொட்டகையை மூட முந்தைய வருஷங்களின் அளவுகளே போதும். நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே, பாவி.

யன்னாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஏணியில் என் முனையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு.

ஆலெய்டா

*

பண்ணையிலிருந்து, நவம்பர் 9

ஆலி,

யாரிடமும் கொடுக்கவில்லை. உன் முனையைக் கைவண்டியில் கட்டித் தள்ளினேன். "முதல் வூட்டுக்காரி எங்கப்பா?" என்று எல்லாரும் கேட்டார்கள். யன்னாவிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் கோபம் உன்மேல் இல்லை. "மூணு வாரம் ஆலி அத்தைய எல்லாரும் சிரிக்கப் பாத்துட்டு இருந்தியேப்பா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ரொட்டியின் முதல் துண்டு உன்னுடையது. துணியில் சுற்றி உன் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். நீ வந்து எடுக்காவிட்டால் மான் தின்றுவிடும். இந்தத் தடவை நான் வேலி போடமாட்டேன்.

ஹார்மன்