தண்டவாளம் குறுகல், பெட்டி அகலம்

மார்ச் 3

எஞ்சினுக்குப் பித்தளைப் பட்டை பற்றவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால், "சார் இருக்காரா?"

எந்த சார்? மூன்று வருடமாக இந்தப் பின்னறையில் உட்கார்ந்து மலை ரயில்களைக் குட்டியாகச் செய்து விற்பவள் நான். வரைவது நான், பெயின்ட் அடிப்பது நான், பார்சல் கட்டுவதும் நான். என் வீட்டுக்காரர் ஜனவரியில் ரிட்டையர் ஆனார். பிப்ரவரியில் சார் ஆகிவிட்டார். போனை என் கையிலிருந்து வாங்கி, "சொல்லுங்க, நான்தான் பேசறேன்" என்கிறார்.

மார்ச் 6

"நம்ம கம்பெனி" என்கிறார். ஒரு திருகாணியைத் திருகியிருப்பாரா இந்த மனுஷன்?

மார்ச் 11

கோபம். எழுதினால்தான் அடங்கும்.

இந்த மாதம் நடக்கும் குட்டி ரயில் கண்காட்சிக்காகப் புதிதாக ஒரு பயணிகள் பெட்டி வரைந்து, லேசர் வெட்டும் பட்டறையில் கொடுத்திருந்தேன். வாங்குகிறவர்கள் வீட்டில் ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும் மரத்துண்டுகள். இன்று எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றை ஒட்டி, அதன் வாசலில் ரயில் கார்டு பொம்மையை நிறுத்தினேன். அவன் தலை கூரைக்கு மேலே நிற்கிறது.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். "சார்தானே மேடம் போன் பண்ணினார்? பெட்டி தண்டவாளத்தைவிட்டு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டிருக்கு, தண்டவாளத்துக்குத் தக்கபடி குறைச்சிடுங்கன்னார். மொத்தப் படத்தையும் அதே அளவுக்குச் சின்னதாக்கி வெட்டிட்டோம்."

இவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"பார்க்கவே கோணலா இருந்துச்சும்மா. கவுந்துடும்னு நினைச்சேன்."

"மூணு வருஷமா கவுந்துச்சா? மலையில வளைவு அதிகம், அதனாலதான் தண்டவாளத்தை நெருக்கிப் போடுறாங்க. அதுக்காக ஏறுற மனுஷன் குட்டையாயிடுவானா?"

கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும்.

குறுகிய பாதை ரயிலின் அழகே அதுதான். ஒல்லித் தண்டவாளத்தின் மேல் அகலமான பெட்டி ஆடி ஆடி வரும். அதுகூடத் தெரியாதவருக்கு எதற்கு இந்த நாட்டாமை?

மார்ச் 12

காலையில் சமாதானம் பேச வந்தார். "நடந்தது நடந்துபோச்சு. இதையே வித்துடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

நேற்றையதைவிட இதுதான் எரிகிறது. என்னிடம் வாங்குகிறவர்கள் ஜன்னல் கம்பியைக்கூட அளந்து பார்ப்பவர்கள். அவர்களை விடு — எனக்குத் தெரியுமே.

அக்கா போனில், "விட்டுக்கொடுத்துப் போடி" என்றாள். எதை? சமையலறையை விட்டுக்கொடுக்க நான் எப்போதோ தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

மார்ச் 14

பொம்மை என்றார்.

"வீட்டுல உக்காந்து பொம்மை செஞ்சுக்கிட்டிருந்தே. அதைத் தொழிலாக்கினது யாரு?"

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மேஜைமேல் ரயில் ஓடுவதற்காக நான் கட்டிய மலை, பாலங்கள், மரம் அறுக்கும் ஆலை. தண்டவாளத்தில் தூசி. ஜனவரிக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் சும்மா ரயில் விடவில்லை. இவர் போனில் ஒத்துக்கொள்கிற ஆர்டர், ஆர்டர், எப்போது பார்த்தாலும் ஆர்டர். ரயில் ஓடுவதைப் பார்க்கத்தானே இதை ஆரம்பித்தேன்? அதையும் பிடுங்கிக்கிட்டாரே. அழுகை வந்தது. அழுததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மார்ச் 16

பட்டறைக்கு நானே போய் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சார் வரலையா மேடம்?"

"சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. இனிமே நான் சொன்னாத்தான் வெட்டணும்."

கண்காட்சிக்கு முன்னால் சரியான அளவில் கொஞ்சம்தான் வெட்ட முடியும். போதும். குறைத்து வெட்டியதில் ஒன்றுகூட விற்பனைக்குப் போகாது.

மார்ச் 21

கண்காட்சி. கூப்பிடாமலே வந்தார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் பின்னால் உட்கார்ந்து ரயிலை ஓட்டினேன். கண்ணாடி போட்ட ஒருவர் இவரிடம் கேட்டார்: "பெட்டி ஏன் சார் இவ்வளவு அகலம்?"

இவர் தொண்டையைச் செருமினார். "மலையில வளைவு அதிகம் பாருங்க. அதனாலதான் தண்டவாளத்தை நெருக்கிப் போடுறோம். அதுக்காக ஏறுற மனுஷன் குட்டையாயிடுவானா?"

அப்படியே என் வார்த்தை; 'போடுறாங்க' மட்டும் 'போடுறோம்' ஆகியிருந்தது. வந்தவர் அசந்துபோய் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் ரயிலை நிறுத்தினேன். எழுந்து முன்னால் வந்தேன். "இதைப் போன வாரம் நான்தாங்க இவருக்குச் சொன்னேன். கத்திச் சொன்னேன். அதான் மனப்பாடம் ஆயிடுச்சு. இதையெல்லாம் செஞ்சது நான். என்கிட்ட கேளுங்க."

வந்தவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 22

வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்.

மார்ச் 25

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"எல்லார் முன்னாடியும்தானே நீங்க சாரா இருந்தீங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நான் நாள் பூரா என்ன பண்றது?" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாதா என்ன? "அதை நீங்கதான் யோசிக்கணும்" என்றேன்.

ஏப்ரல் 4

நண்பரின் மருந்துக்கடைக்குக் கணக்குப் பார்க்கப் போக ஆரம்பித்திருக்கிறார். இன்று நான் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சாயங்காலம் வரை ரயில் விட்டேன்.

அவர் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறை வாசற்படியிலேயே நின்று பார்த்தார். பிறகு, "உள்ள வரலாமா?" என்றார்.

இந்த அறைக்குள் வர அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு வாங்க" என்றேன்.