ஒரு விரல் இடைவெளி

அப்பா,

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் இன்று காலை ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு, "இது யாரும்மா கட்டுனது? கத்தி இருந்தா குடு, அறுத்துடலாம்" என்றார். கொக்கி உடைந்த அந்த ஜன்னல் கதவை நீ என் பழைய பள்ளிக்கூட ரிப்பனால் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாய். சிவப்பு ரிப்பன் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. முடிச்சு மட்டும் கட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. "அறுக்க வேணாம்ணா, நானே அவுக்குறேன்" என்றேன். அவர் அடுத்த சுவரைச் சுரண்டப் போய்விட்டார். நான் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நகம் வலித்ததுதான் மிச்சம்.

லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவரின் முடிச்சு அப்பா அது. யஷ்வந்தபுரம் மண்டியில் மூட்டைகளை ஏற்றி, மேலே தார்ப்பாய் விரித்து, காலை வண்டியில் ஊன்றிக் கயிற்றை இழுப்பாயே, அந்த முடிச்சு. "வண்டி ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அவுறக் கூடாது" என்பாய். அதே கையால்தான் என் தலையையும் பின்னிவிட்டாய்.

அம்மாவுக்கு மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதனால் என் தலை உன் பொறுப்புக்கு வந்தது. நீ கட்டிலில் உட்காருவாய். உன் இரண்டு முட்டிகளுக்கு நடுவே தரையில் நான். குளித்த ஈரம் அப்படியே இருக்கும். ஈர முடி சொன்னபடி கேட்கும் என்பது உன் கணக்கு. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக நெருக்கப் பல் சீப்பை இறக்குவாய். நடுவில் சிக்கினால் இன்னொரு இழுப்பு. பிறகு கொத்தமல்லிக் கட்டோடு வந்த ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி, ஜடையை மடித்து, ரிப்பன் கட்டி முடிக்கும்போது என் புருவம் இரண்டும் மேலே ஏறியிருக்கும்.

எதிர்வீட்டு செல்வி அக்கா குழாயடியில் குடத்தோடு நின்று பார்ப்பாள். "இன்னாண்ணே, அது பொண்ணு தலையா, தக்காளி மூட்டையா?"

"உம் பொண்ணு ஜடை பிரேயர்லயே அவுந்துடும். என் பொண்ணுது சாயங்காலம் வரைக்கும் நிக்கும். வேணும்னா போய்ப் பாரு" என்பாய் நீ.

நின்றது என்னவோ உண்மைதான். ஒருநாள் டீச்சர் என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, "தலை பின்னுறதுன்னா இப்படிப் பின்னணும்" என்றார். யாராவது என்னைப் பார்த்தாலே தரைக்குள் போய்விடலாம் போலிருக்கும் எனக்கு. அன்றைக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் போலிருந்தது. "அம்மாவுக்குக் கை நல்லா வருது" என்றார் டீச்சர். அப்பா என்று திருத்த வாய் வரவில்லை.

நம் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, கம்பெனி கேப் நம் தெருமுனைக்கே வந்தபோது நீ வாசலுக்கும் முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாய். அந்த ஆபீஸ் பாத்ரூம் வெளிச்சத்தில்தான் முதன்முதலாக என் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியின் இரண்டு ஓரத்திலும், காதுக்கு மேலே, முடியில்லை. தோல் வழவழவென்று மின்னியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்பக்க முடியைக் கொஞ்சம் எடுத்து, அந்த இடத்தை மூடுகிற மாதிரி பின்னால் இழுத்து, கிளிப் போட்டு இறுக்கினேன். விலகிவிடுமோ என்ற பயத்தில் மேலும் இறுக்கினேன். மூட இழுத்த முடியும் மெல்ல உதிர்ந்தது. வெறும் இடம் பெரிதாக ஆக, நான் இன்னும் தள்ளியிருந்த முடியை இழுத்தேன். ஒருநாள் அம்மா வீட்டைப் பெருக்கிக்கொண்டே, "ரோட்டுலதான் குப்பை அள்ளுறேன்னா வூட்டுலயும் கொத்து கொத்தா முடி" என்று முணுமுணுத்தவள், சட்டென்று என்னைத் திருப்பிக் கிளிப்பை எடுத்துப் பார்த்தாள். "இன்னாங்க, இங்க வந்து பாருங்க. நாளைக்கு இவளப் பாக்க வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

நீ மறுநாள் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

டாக்டரம்மா பேனா முனையால் என் முடியை விலக்கிப் பார்த்தார். அங்கேயே எடுத்த ரத்த ரிப்போர்ட்டையும் பார்த்தார். "இதுல ஒண்ணும் குறையில்ல. இது இழுத்து இழுத்துக் கட்டுனதால வந்தது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா? யாரு கட்டிவிட்டது?"

"நானேதான் மேடம்" என்றேன்.

"நான்தான் மேடம்" என்றாய்.

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு கட்டுனா என்ன, இனிமே லூசா கட்டுங்க. வேர் உயிரோட இருக்கற எடத்துல முடி வரும். ரொம்ப நாள் இழுபட்ட எடத்துல வராமலும் போகலாம்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாய். ஈரத்தோட சீவலாமா மேடம்? கூடாது, ஈர முடி இழுத்தா நீளும், அப்புறம் அறுந்துடும். ரப்பர் பேண்டு? அது முடியைக் கடிச்சுடும், துணி சுத்துனதா போடுங்க. துண்டால தேய்க்கலாமா? தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. சிக்கு விழுந்தா? நுனியிலேர்ந்து எடுத்துட்டு மேல வாங்க. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை கேட்டாய்.

பஸ்ஸில், "அப்ப வலிச்சுதா?" என்றாய்.

"இல்லப்பா."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"சொல்லியிருக்கலாமில்ல பாப்பா." அவ்வளவுதான். நம் மல்லேஸ்வரம் ஸ்டாப் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். காலையில் போனால் இரவில் திரும்புவாய். பேசக்கூடத் தெம்பிருக்காது, தட்டில் கை வைத்தபடியே தூங்கிப் போவாய். உன் கை என் தலைமேல் இருந்தது தலை பின்னும் அந்தக் கொஞ்ச நேரம்தான். வலிக்கிறது என்றால் நீ நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். செல்வி அக்காவிடம் அனுப்பிவிடுவாய். அதனால்தான் சொல்லவில்லை. அது உன் தப்பு இல்லை அப்பா. இதைப் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தால் நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்திருக்க மாட்டாய்.

அதற்குப் பிறகு நீ செய்த கூத்து கொஞ்சமா? உன் பழைய பனியனைக் கிழித்து எனக்குத் தலை துவட்டும் துணி ஆக்கினாய். அம்மாவின் புடவைக் கரையைச் சுற்றி ரப்பர் பேண்டுக்கெல்லாம் உறை போட்டாய். எட்டாவது கிராஸ் தெருக் கடைகளில் அலைந்து, உன் கைவிரல் அகலத்துக்குப் பல் இடைவெளி விட்ட சீப்பு ஒன்று வாங்கி வந்தாய். "இது மாட்டுக்குச் சீவறதாங்க?" என்று அம்மா சிரித்தாள். கட்டி முடித்ததும் ரப்பர் பேண்டுக்கும் தலைக்கும் நடுவே உன் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பாய். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் அவிழ்த்து மறுபடி. மூட்டை தூக்கிக் காய்த்த விரல் அது. அது நுழைகிற அளவு தளர்த்தினால், கேப் மேம்பாலம் ஏறும்போதே பாதி ஜடை அவிழ்ந்துவிடும்.

கேப்பை நிறுத்தி வைத்ததை மறக்கவே முடியாது. தலைகுளித்துவிட்டு ஈரத்தோடு ஓடினேன். நீ எனக்கு முன்னால் ஓடிப்போய் டிரைவரிடம், "ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் இரு, பாப்பா தலை காயல" என்றாய்.

"அண்ணா, லேட் ஆகுத்தே" என்றார் அவர்.

உள்ளேயிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் முழுக்க அவர்கள் "தலை காய்ஞ்சுதா பாப்பா?" என்றுதான் குட்மார்னிங் சொன்னார்கள். ஆனால் அதில் ஒருத்தி, தினமும் சூடான இஸ்திரிக் கம்பியால் முடியை நேராக்கிக்கொள்கிறவள், தனியாக வந்து, "உங்க அப்பா வேற என்ன சொன்னார்?" என்று கேட்டாள். ஆபீஸில் நான் முதன்முதலாக நீளமாகப் பேசியது அன்றுதான். சாயங்காலமே தலைகுளித்துக் காயவிடு என்றேன். சூடு தினமும் வேண்டாம், வண்டியில் காற்று அடிக்கும்போது விரித்துப் போடாமல் தளர்வாகப் பின்னிக்கொள் என்றேன். எல்லாம் நீ டாக்டரிடம் கேட்டு வந்ததும், பிறகு நாம் செய்து பார்த்ததும்தான்.

தெருவிலும் நீ விடவில்லை. எந்தக் குழந்தையின் ஜடை இறுக்கமாக இருந்தாலும், "இழுக்காதம்மா, வேர் போயிடும்" என்பாய். "தார்ப்பாய் கட்டுறவருக்கு இப்பதான் ஞானம் வந்திருக்கு" என்பாள் செல்வி அக்கா. நீயும் சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நெற்றியோரத்தைப் பார்ப்பாய். வலது பக்கம் பூனை முடி போல மெல்லியதாய் வர ஆரம்பித்தது. "தோ, வந்துடுச்சு பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டாய். இடது பக்கம் வரவில்லை. நீ வலது கைக்காரன். வலப்பக்கமாக இழுத்துக் கட்டும்போது இடது ஓரத்தில்தான் இழுப்பு அதிகம் விழுந்திருக்க வேண்டும். "அதுவும் வரும்" என்றாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

போன மழைக்காலத்தில், மண்டியில் வேலை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாய் என்று வந்து சொன்னார்கள். உன்னைக் கொண்டுபோன பிறகு எங்களைத் தலைமுழுக வைத்தார்கள். அத்தை என் முடியைத் துணி பிழிவது போலப் பிழிந்து, கொண்டை போடக் கையில் சுற்றினாள். வீடு நிறைய ஆட்கள். எங்கிருந்து எனக்குக் குரல் வந்ததோ தெரியாது.

"ஈரத்தோட கட்டாத அத்தை. அப்பா திட்டுவாரு."

திட்டுவாரு என்றுதான் சொன்னேன். யாரும் திருத்தவில்லை. செல்வி அக்கா எழுந்துபோய்க் கொடியில் கிடந்த உன் பனியன் துணியை எடுத்து வந்து, என் பின்னால் உட்கார்ந்து, ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுத்தாள்.

இடது பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது அப்பா. கட்டைவிரல் அகலம். இப்போது அதை மூடிக் கிளிப் போடுவதில்லை. யாராவது கேட்டால், சின்ன வயதில் எங்கப்பா தலை பின்னிவிட்ட இடம் என்கிறேன்.

இன்றைக்கு ரிப்பனோடு வெகுநேரம் மல்லாடிவிட்டு, கடைசியில் இழுப்பதை நிறுத்தினேன். நுனியைத் தேடிப் பிடித்து, அதை முடிச்சுக்குள்ளேயே திரும்பத் தள்ளித் தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன். அவிழ்ந்தது. முடிச்சின் உள்ளே மடங்கியிருந்த துண்டு மட்டும் வெளுக்காமல், வாங்கிய அன்றிருந்த சிவப்பாகவே இருந்தது.

சாயங்காலம் பெயிண்ட் காய்ந்ததும் அதே ரிப்பனால் ஜன்னலை மறுபடி கட்டினேன். சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

"இவ்ளோ லூசா கட்டுனா காத்துல ஆடுமேம்மா" என்றார் பெயிண்டர்.

"ஆடட்டும்ணா" என்றேன்.