உன் படகில் என் படுக்கை

மகனுக்கு,

நீ கட்டும் எஃகுப் படகை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். உன் மாமியாரின் முழங்காலுக்காக ஏணிப்படியை அகலமாக்கி, கைப்பிடிக் கம்பியை அவள் உயரத்துக்கு இறக்கிப் பற்றவைத்திருக்கிறாய். அவள் படுக்கைக்கு மேலே காற்றுக்கு ஒரு ஜன்னலும் வெட்டியாயிற்று. நல்லது.

“என் படுக்கை எங்கடா?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான் கடல் ஒத்துக்காதேம்மா. ஒருதடவை படகுல போனப்ப வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்னு நீதானே சொல்லுவ?” என்றாய். உன் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததையும் பார்த்தேன்.

சொன்னேன்தான். எந்த வருஷம் என்று நீ கேட்டதில்லை. அப்போது நீ என் வயிற்றில் இரண்டு மாதம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கடலில் போய்வந்தேன், ஒருநாளும் குமட்டியதில்லை.

அன்று என் வயிற்றைப் புரட்டியது கடல் இல்லையடா, நீ.

இன்னும் எதையும் மறக்காத,
உன் அம்மா