கோலப்பொடியில் வரைந்த ஊர்

ஐப்பசி 9, வியாழன்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் காலேஜிலிருந்து புவியியல் டீச்சர் வந்திருந்தாள். ஊரை ஊர்க்காரர்களே தரையில் வரைய வேண்டுமாம். அதைப் படமெடுத்துப் பஞ்சாயத்தில் கொடுத்தால் புது ரோடு எந்தப் பக்கம் என்று முடிவாகுமாம். கோலப்பொடியை என்னைத் தவிர வேறு யார் கையில் கொடுப்பார்கள்? எட்டாம் கிளாஸோடு நின்றாலும் கோயமுத்தூருக்கே பிளான் போட்டுக் கொடுத்தவன் நான் என்று டீச்சரிடம் சொல்லி வைத்தேன். அவளும் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

கால்வாய் வரைந்தேன், கோயில் வரைந்தேன், நடுவில் என் வீட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தேன். செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி சரசு ஓரமாக நின்றிருந்தாள். அவள் மகளுக்கு நடக்க வராது. ஆஸ்பத்திரிக்குப் போக வரப்பு வழியே தூக்கிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு வருகிறாள்.

“ஏனுங்க மாமா, இதுல எங்க ஊட்டக் காணோமுங்களே?”

“உங்க ஊட்டு மேலதான் அம்மணி நான் நின்னுட்டிருக்கறேன்.”

ஊரே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரசு மட்டும் ஒரு பிடி பொடி அள்ளி வந்து, குனிந்து, என் காலைச் சுற்றிச் சதுரமாகக் கோடு இழுத்தாள்.

“அங்கயே நில்லுங்க மாமா, போட்டோ எடுக்கட்டும்.”

நானா நிற்பேன்? அவள் போட்ட கோட்டைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்புறம்தான் டீச்சர் படமெடுத்தாள். அதில் நான் வரைந்த புது ரோடு நேராக என் வாசலுக்கு வருகிறது.

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். குதிகால் வெடிப்பில் வெள்ளை இன்னும் இருக்கிறது. காலையில் கல்லில் தேய்த்தால் போய்விடும்.