காலையில் கேட்கிற சத்தம்

என் பட்டு வளவனுக்கு,

அம்மா நீலாம்பாள் எழுதுவது. நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. உன் கருமாதிக்கு வந்த சனமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நட்டாச்சு. அப்பா வயலுக்குப் போகிறார், வருகிறார்.

நேற்று மெக்கானிக் யூனுஸ் பாய் வந்தார். உன் காரைப் பிரித்துப் பார்த்தாராம். இன்ஜினுக்குள்ளே ஓடுகிற செயின் அறுந்துதான் கொள்ளிடம் பாலத்தில் நட்டநடுவே நின்றுபோயிருக்கிறது. பின்னால் லாரி வந்ததை எழுத மாட்டேன். இந்த மாடலுக்கே அந்தச் சீக்கு உண்டாம். செயினைத் தாங்குகிற பிளாஸ்டிக் சூட்டில் நொறுங்கிவிடுமாம். "மாப்ளே, உன் வண்டிக்கு டிரைவர் ஒருத்தன் பத்தாது, தள்ள நாலு பேர் வேணும்" என்று டாக்சி ஸ்டாண்டில் கேலி பண்ணுகிறார்கள் என்று நீயே வந்து சொல்லிச் சிரிப்பாய்.

அதோடு போயிருந்தால் விதி என்று கிடந்திருப்பேன். என்ன ஆயில் ஊத்தினான் என்று பாய் கேட்டார். வயலுக்குத் தண்ணி இறைக்கிற இன்ஜினுக்கு வாங்குகிறோமே, அதையேதான் என்றேன். சிக்கனமான பிள்ளை என்று பெருமையாகத்தான் சொன்னேன். மனுசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அது கெட்டி ஆயிலும்மா. செயினை இறுக்கிப் பிடிக்கிற எடத்துக்குச் சட்டுன்னு ஏறாது. காலைல ஸ்டார்ட் பண்ணா செயின் தளந்து அடிச்சு கடகடன்னு கேட்டிருக்குமே" என்றார். கேட்டது. தினம் கேட்டது. அதைக் கேட்டுத்தானே உனக்கு டீ ஆற்றுவேன்.

இன்று காலை வாசலில் அதே கடகட. நீதான் என்று அடுப்பை விட்டு ஓடினேன். உன் தம்பி செம்மொழி. உன் சவாரியெல்லாம் கைவிட்டுப் போகக்கூடாதாம், அதே மாடலில் பழசு ஒன்று வாங்கி வந்திருக்கிறான். வயலுக்கு வாங்கியதில் மீந்த ஆயிலை ஊத்தியிருக்கிறான். பாய் சொன்னதைச் சொன்னேன். "சும்மா இரும்மா, பழைய வண்டின்னா கனைக்கத்தான் செய்யும்" என்கிறான். உன் பேச்சு, உன் சிரிப்பு. சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

திருவாரூர் சவாரி காத்திருக்கிறது என்று கதவைப் போட்டு உடைக்கிறான். இப்படிக்கு என்று எழுதி முடிக்கவும் விடமாட்டான் போலிருக்கிறது. எங்கே இருந்தாலும் அவனைப் பார்த்துக்கோ, சாமி. எனக்கு ஒன்று மட்டும் சொல்லு. அன்றைக்கு நான் என்ன சொல்லியிருந்தால் நீ வண்டியை எடுக்காமல் இருந்திருப்பாய்?