படுத்தாலும் வலித்த முதுகு

என் செல்ல அண்ணா,

உன் பள்ளிக்கூடத்துக்குப் புது விலங்கியல் சார் வந்துவிட்டார். நல்லாத்தான் நடத்துகிறாராம். ஆனாலும் பிள்ளைகளுக்குக் குறை. "இந்த சார் நடந்து காட்ட மாட்டேங்காரு" என்கிறார்கள். மேசைகளுக்கு நடுவில் நீ பல்லி மாதிரி இடுப்பை வளைத்து வளைத்துப் போவாயே, கொக்கு மாதிரி கால் தூக்கி வைப்பாயே, அதைத்தான் சொல்கிறார்கள்.

என் பிசியோதெரபி அறையிலும் உன்னைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கேதானே வருவாய்? காத்திருக்கிற நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாய். "ஆட்டுக்கு முட்டி பின்னால மடங்குதுன்னு நெனைக்கியளா அண்ணாச்சி? அது முட்டி இல்ல, கணுக்கால். முட்டி மேல வயித்தோட ஒட்டிக் கெடக்கு. ஆடு நிக்கது ரெண்டு விரல் நுனியில. ஓடித் தப்பிக்கணும்லா, அதான் கால் அப்படி நீண்டு போச்சு."

முதுகுவலிக்காரர்கள் வந்தால் உனக்குக் கொண்டாட்டம். "மாட்டுக்கு முதுகெலும்பு பாலம் மாதிரி. வயிறு அதுல தொங்குது. நாம அந்தப் பாலத்தத் தூக்கித் தூணா நிறுத்திட்டோம். நம்ம இடுப்புக்கு அது இன்னும் பிடிபடல, பாத்துக்கிடுங்க." அவர்கள் சிரிப்பார்கள். சிரித்த உடம்பு என் கைக்குச் சீக்கிரம் இளகும்.

அதனால்தான் உனக்கு முதுகு வலித்தபோது நம் இரண்டு பேரிடமும் காரணம் தயாராக இருந்தது. "நாலு கால்லயே போயிருந்தா இந்தப் பாடு இல்லட்டி" என்றாய். நான் ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். குறைகிற மாதிரி இருந்தது. மறுபடி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையில் நீ, நான், மதினி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தட்டில் கிடந்த எலும்புகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "இப்பல்லாம் படுத்தாக்கூட வலி விடமாட்டேங்குட்டி."

படுத்தால் குறைகிற வலி வேறு, படுத்தாலும் விடாத வலி வேறு. நான் படித்த படிப்பில் முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். உன்னிடம் என்ன சொன்னேன்? "ஸ்டாஃப் ரூம் நாற்காலிய முதல்ல மாத்து. தூண் சரிஞ்சிட்டு" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் பேச்சையே எடுத்து உன் வாயை அடைத்தேன் அண்ணா.

பள்ளிக்கூட மாடிப்படியில் கால் மரத்து நீ உட்கார்ந்த பிறகுதான் திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். புற்று வேறெங்கோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்திருந்தது. "முன்னாடியே வந்திருந்தா உயிர் விஷயம் எப்படி இருந்திருக்கும்னு தெரியல. நடையையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லா உயிர்களின் நடையையும் நடந்து காட்டின உனக்கு உன் நடை போய்விட்டது.

நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரத்துப்போன உன் காலை நான் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது திமிங்கிலத்தைப் பற்றிப் பேசினாய். "அதோட மூதாதை தரையில நாலு கால்ல நடந்ததுதான். திரும்பக் கடலுக்குப் போச்சு. பின்னங்கால் தேஞ்சு, உள்ளுக்குள்ள எலும்பு மட்டும் கெடக்கு. மீன் வால பக்கவாட்டுல ஆட்டும். திமிங்கிலம் மேலயும் கீழயும் ஆட்டும். ஏன்னு சொல்லு? தரையில ஓடும்போது முதுகு அப்படித்தான் வளைஞ்சுது. கடலுக்குப் போயும் அந்த ஓட்டத்த விடல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "கால் போனாலும் ஒண்ணும் கெட்டுப் போகலட்டி, அழாத."

தேற்ற வேண்டியவள் நான். என்னை நீ தேற்றினாய். நீ திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏன் திட்டாமல் போனாய்?

இப்போது நடந்ததைக் கேள். இளையரசனேந்தல் பக்கமிருந்து ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் முதுகுவலி என்று வந்தார். படுத்தால் குறைகிறதாம். காலில் மரப்பு இல்லை. மூட்டையைத் தூக்கியதில் வந்த பிடிப்பு. கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் உன் முகம் வந்து முன்னால் நின்றது. "எதுக்கும் ஸ்கேன் எடுத்துருங்க. பெரிய நோயா இருந்தா விடக்கூடாது" என்றேன். மனிதர் வெளிறிப்போனார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதைக் காட்ட வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்ன பயத்துல ஆட்டையெல்லாம் வந்த வெலைக்குத் தள்ளி விட்டுட்டேன் தாயி. நான் போயிட்டா வீட்டுக்காரி ஒத்தையில எப்படி மேய்ப்பான்னு நெனைச்சேன்." அவர் கோபப்படவில்லை. வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன்னை ஸ்கேனுக்கு அனுப்பாமல் விட்டதற்கு, அனுப்ப வேண்டியதே இல்லாத ஒருத்தரிடம் பரிகாரம் தேடியிருக்கிறேன். அவர் பிழைப்பு போய்விட்டது.

அறையைப் பூட்டிவிட்டு நேராக மதினியிடம் போனேன். உன் காரியம் முடிந்ததிலிருந்து அவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. என் மேல் கோபம், அதுவும் நியாயம்தான் என்று நானும் ஒதுங்கியே இருந்தேன். அன்றைக்கு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அன்னைக்குக் கடையில அண்ணன் சொன்னப்போ நான் சிரிச்சேன் மதினி. என்னை நாலு வார்த்தை கேட்டுருங்க" என்றேன்.

மதினி கதவைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கிட்ட ஒரு தடவைதான் சொன்னாவ. என் பக்கத்துல படுத்து தெனமும் சொன்னாவ. 'தங்கச்சிதான் பாக்காள்லா, சும்மா படுங்க'ன்னு நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். நீ என்னைய அதைக் கேட்டுருவியோன்னுதான் உன் முகத்தப் பாக்காம இருந்தேன்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். யார் யாரை மன்னிக்க முடியும் சொல்லு? மன்னிக்க வேண்டிய ஆள் நீதான், நீ இல்லையே. அப்புறம் மதினி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார்கள். நான் சாப்பிடாமல் வந்திருந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாளைக் காலை இளையரசனேந்தல் போகிறோம். அந்தப் பெரியவர் மறுபடி மந்தை சேர்க்க என்னால் ஆனதைச் செய்வேன். மதினியும் கூட வருகிறேன் என்கிறார்கள். என் குற்றம் குறைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை வாக்காகத் தருகிறேன் அண்ணா: இனி மதினியைத் தனியே சாப்பிட விடமாட்டேன். அவர்கள் பேசாத நாளிலும் போவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி செல்வி