வராந்தா விளக்கு

வியாழன், இரவு.

வளர்ச்சி வங்கி அதிகாரியைத் திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். வங்கிக் கடனில் கட்டிய, மின்சாரம் மிச்சப்படுத்தும் மலிவு வீடுகள். என் மதிப்பீட்டு அறிக்கையில் குறை எதுவும் இல்லையென்றால் அடுத்த தொகுதியையும் இதே வரைபடத்தில் கட்டிவிடுவார்கள்.

மாலையில் பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருப்பது ஆள் நடமாடினால் மட்டுமே எரியும் விளக்கு. பூக்கட்டும் விரல்களின் அசைவு அதற்குப் போதாது. சட்டென்று அணைந்தது.

"ஏய் செல்வி, ஒன் முறைதான்டி. கைய ஆட்டு" என்றாள் பாண்டியம்மாள்.

"இம்புட்டு நேரம் நாந்தேன் ஆட்டுனேன். ஒங்க கையில என்ன மருதாணியா வச்சிருக்கு?"

அலுத்துக்கொண்டே செல்வி தலைக்கு மேல் கையை வீசினாள். விளக்கு எரிந்தது. தனக்குத்தான் கையசைக்கிறாள் என்று நினைத்து, தள்ளி நின்ற அதிகாரி சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்தார். படமும் எடுத்துக்கொண்டார்.

விளக்கிச் சொன்னேன். வீட்டுக்குள் ஃபேன் போட்டால் பூ வாடிவிடும், போடாவிட்டால் புழுக்கத்தில் உட்கார முடியாது, அதனால்தான் வராந்தாவுக்கு வருகிறார்கள். இதுதான் இவர்கள் பிழைப்பு, ஒரு சாதாரண சுவிட்ச் போதும் என்றேன்.

"வராந்தா வேலை செய்ற இடம் இல்லையே, மேடம்" என்றார். காரில் ஏறும்போது, அந்தப் படத்தையே அறிக்கையின் அட்டையில் போடச் சொன்னார்.

போட்டுவிட்டேன். அதன் அடியில், 'விளக்கு அணையாமலிருக்கக் கையை ஆட்டுகிறார்கள். அடுத்த தொகுதியில் சுவிட்ச் வைக்க வேண்டும்' என்றும் எழுதியிருக்கிறேன். நாளை அந்த வரியை எடுக்கச் சொல்வார். எடுப்பதானால் படத்தையும் சேர்த்துத்தான் எடுப்பேன்.